மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது?

போன இதழில் ஊறுகாய் ஜாடியில் பூசணம் பூக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று எழுதியிருந்தேன். இந்த இதழில் ஊறுகாய் இல்லை. வீட்டைப் பற்றி எழுதப் போகிறேன். இரண்டு வருஷமாக எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம். தப்பு என் பேரில் இருந்ததால் கை வரவில்லை. சொன்னால் நாலு பேருக்கு உபயோகப்படுமே என்று இப்போது மனசைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். கட்டின வீட்டை வாங்கிக் குடியேறிப் பார் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அதில் என்ன கஷ்டம், சாவியை வாங்கினோம், பாலைக் காய்ச்சினோம், உட்கார்ந்தோம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பதினெட்டு வருஷம் வாடகை வீடு. ஆணி அடிக்கக்கூட வீட்டுக்கார அம்மாவைக் கேட்க வேண்டும். 2023-ம் வருஷம் ஆவணியில், தாம்பரத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட் அமைந்தது. பதினாலு வருஷத்துப் பழைய கட்டடம். விலை 42 லட்சம். பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. ஆக அதற்கே 3,78,000 ரூபாய் போயிற்று. என் வளையல் நான்கும், அத்தையின் (என் மாமியார்தான்) காசு மாலையும் அதற்குள் அடக்கம்.

விற்றவர்கள் காலி செய்து கொடுக்க ஐப்பசி ஆயிற்று. மரவேலை முடியக் கார்த்திகை தாண்டிற்று. மார்கழியில் குடிபோகக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார்கள். ஆக, ஒரு பக்கம் பாங்குக் கடன் தவணை, இன்னொரு பக்கம் வாடகை. நாலு மாதம் இரண்டையும் கட்டினோம் பாருங்கள், அந்த நாலு மாதமும் எங்கள் வீட்டில் ரசம்தான் ராஜா!

இந்த மரவேலையில்தான் நான் செய்த தப்பு ஆரம்பம்.

சாவி கைக்கு வந்த அன்றே இவர் ஒரு பேச்சை எடுத்தார். "பழைய கட்டடம். ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லைன் எல்லாம் ஒரு தரம் பார்த்துவிடலாமே. ஆயிரத்து ஐந்நூறு கேட்கிறான்."

"ஏங்க, எல்லா லைட்டும் எரியுது, எல்லா ஃபேனும் சுத்துது. இதில் பார்க்க என்ன இருக்கு? அந்த ஆயிரத்து ஐந்நூறைக் கொடுத்தால் ஆசாரி இன்னொரு தட்டு வைத்துக் கொடுப்பார்" என்றேன் நான்.

அவர் மேலே பேசவில்லை. பதினெட்டு வருஷமாக எனக்கு ஒரு அலமாரி இல்லை என்ற குறை அவருக்குத் தெரியும்.

சமையலறையில் மேலும் கீழும் அலமாரி, பரண் கதவு, வாசலில் செருப்பு வைக்க ஒரு பெட்டி, எல்லாமாக 1,35,000 ரூபாய். வாசல் பக்கத்துச் சுவரில் மெயின் ஸ்விட்ச் பெட்டி இருந்தது. ஆசாரி பார்த்தார். "அக்கா, நுழைந்ததுமே இது அசிங்கமாத் தெரியுது. செருப்பு அலமாரியை மேலே வரைக்கும் தூக்கி, இதையும் சேர்த்துக் கதவு போட்டு மூடிடலாமா?" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். "பேஷாச் செய்யுங்கள்" என்றேன். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் அந்த அலமாரியைத்தான் புகழ்ந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியாது.

தை பிறந்தது. பால் காய்ச்சினோம். உப்பும் பருப்பும் முதலில் கொண்டு வைத்தோம். மறுநாளே தொந்தரவுகள் வரிசையாக வந்தன.

முதலில் பருப்பு வேகவில்லை. குக்கரில் ஆறு விசில் விட்டும் கல்லு கல்லாக நிற்கிறது. போர் தண்ணீர் அத்தனை உப்பு. பரிசோதித்ததில் லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் உப்புகள் கரைந்திருப்பதாக வந்தது. குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. ஆக, சமையலுக்கும் குடிக்கவும் தனியாக கேன் தண்ணீர். அடுத்தது, கரண்ட் பில் பழைய சொந்தக்காரர் பேரிலேயே வந்துகொண்டிருந்தது. சமையலறை ஜன்னல் கதவு சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. பீரோ மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் மேல் வீட்டுக்காரர்கள் கீழே இறங்க முடியாமல் நின்றார்கள். அறிமுகமே அப்படித்தான் ஆயிற்று!

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள். சிரிக்க முடியாத ஒன்று மாசி மாதம் நடந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இவர் ஊரில் இல்லை. அத்தை இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தார்கள். எழுபத்திரண்டு வயசு ஆனாலும் மாவு அரைப்பதை மட்டும் யாரிடமும் விடமாட்டார்கள். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். "ஐயோ" என்று ஒரு சத்தம். அதுவும் முழுசாக வரவில்லை, பாதியில் நின்றுவிட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறார்கள். ஒரு கை கிரைண்டரின் விளிம்பைப் பிடித்தபடி இருக்கிறது. விடவில்லை. விட முடியவில்லை.

நான் யோசிக்கவே இல்லை. தோளைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டிவிட்டேன்.

"தொடாதேம்மா!" என்று பின்னாலிருந்து கத்தினாள் என் பெரியவள். பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள் அப்போது. "மெயினை ஆஃப் பண்ணு! மெயின் எங்கேம்மா?"

எங்கே? என் அழகான அலமாரிக்குள்ளே! ஓடிப் போய்க் கதவைத் திறக்கிறேன். முன்னால் குடை, பழைய பை, சின்னவனின் கிரிக்கெட் மட்டை, அதற்குப் பின்னால் அந்தப் பெட்டி. எல்லாவற்றையும் வாரி வெளியே போடுகிறேன், கை நடுங்குகிறது, எந்த ஸ்விட்ச் என்று தெரியவில்லை.

அதற்குள் பெரியவள் மேடையிலிருந்த பூரிக்கட்டையை எடுத்து, எட்ட நின்றபடியே பிளக்கின் ஸ்விட்சைத் தட்டி அணைத்துவிட்டாள். அத்தை அப்படியே சரிந்து உட்கார்ந்தார்கள். எல்லாம் கால் நிமிஷத்துக்குள் நடந்திருக்கும். எனக்கு இன்றைக்கும் அது ஒரு யுகம்.

உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தை நன்றாகப் பேசினார்கள், "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்றுகூடச் சொன்னார்கள். டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. ஷாக் அடித்தவருக்கு வெளியே காயம் சின்னதாகத் தெரிந்தாலும் இருதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்று ஈ.சி.ஜி. எடுத்து, ஒரு ராத்திரி வைத்திருந்து பார்த்தார். உள்ளங்கையில் சுட்ட புண் மட்டும்தான். தெய்வாதீனம்.

அன்று ராத்திரி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அத்தை மெதுவாக ஒன்று சொன்னார்கள். "நாலைந்து வாரமாவே அந்த கிரைண்டரைத் தொட்டால் விறுவிறுன்னு இருந்ததும்மா. எனக்குத்தான் சர்க்கரை இருக்கே, கை மரத்துப் போவுதுன்னு நினைச்சுக்கிட்டேன். புது வீட்டுக்கு வந்து நீ சந்தோஷமா இருக்கே, அதைச் சொல்லி உன்னை ஏன் கலவரப்படுத்தணும்னு பேசாம இருந்துட்டேன்."

சகோதரிகளே, நான் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய் அழுதேன்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். அதே ஆயிரத்து ஐந்நூறு கேட்ட தம்பிதான். எனக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

மூன்று முள் பிளக்கில் மேலே இருக்கிற பருத்த, நீளமான முள்தான் எர்த். கிரைண்டருக்குள் தண்ணீர் இறங்கியோ ஒயர் தேய்ந்தோ கரண்ட் வெளித் தகட்டுக்குக் கசிந்தால், அதைப் பூமிக்குக் கொண்டு போய்விடுவது அதன் வேலை. எங்கள் சமையலறைப் பிளக்கில் எர்த் ஒயரே மாட்டவில்லை. முன்பு யாரோ பிளக்கை மாற்றினபோது அதை மடித்து உள்ளே தள்ளிவிட்டிருக்கிறார்கள். விளக்கும் எரியும், மோட்டாரும் ஓடும், எர்த் இல்லாதது தெரியவே தெரியாது! எங்கள் கிரைண்டர் வாடகை வீட்டிலிருந்தபோதே கசிந்திருக்கலாம், அங்கே எர்த் சரியாக இருந்ததால் காட்டிக்கொடுக்கவில்லை என்றார் அந்தத் தம்பி.

"மெயினில் ஸ்விட்சுகள் இருக்கே, அவை தானாக விழாதா?" என்று கேட்டேன்.

"அது எம்.சி.பி. அக்கா. லோடு அதிகமானாலோ, ஷார்ட் ஆனாலோதான் விழும். ஆள் உடம்பு வழியாப் போற கொஞ்சம் கரண்டுக்கு விழாது. அதுக்கு ஆர்.சி.சி.பி.ன்னு தனியா ஒண்ணு இருக்கு. 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கண் இமைக்கிறதுக்குள்ளே கட் பண்ணிடும். உங்க வீட்டிலே அது இல்லை."

பிறகு சமையலறை ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றினார். உள்ளே ஈரம்! சுவரைத் தட்டிப் பார்த்தார். புதுப் பெயிண்டு பொருக்காக உதிர்ந்தது. அடியில் உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் குளியலறை, அதற்கு நேர் மேலே மேல் வீட்டுக் குளியலறை. அங்கிருந்துதான் ஓதம் இறங்குகிறது. விற்பதற்கு முன் பெயிண்டு அடித்தது எங்களுக்காக என்று நினைத்துப் பூரித்துப் போயிருந்தேனே, அது ஓதத்தை மறைக்க அடித்தது! நான் ஆசையாகப் போட்ட அலமாரியின் பின்பலகையும் ஊறி உப்பியிருந்தது.

அது மட்டுமா? சின்னவனுக்குத் தை மாதத்திலிருந்தே ராத்திரியில் இருமலும் இழுப்பும். பனி என்று நினைத்து கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓதமும் பூசணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா அதிகமாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறதாம். குழந்தை டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டுச் சுவரில் எங்கேயாவது ஈரம் இருக்கா?" என்பதுதான்.

இனி மேல் வீட்டுக்காரர்களிடம் பேச வேண்டும். அவர்கள் ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதி. இவர் போய்ச் சொன்னபோது, "பதினாலு வருஷமா இருக்கோம். இதுவரைக்கும் கீழ் வீட்டிலிருந்து ஒருத்தரும் ஒன்றும் சொன்னதில்லையே" என்று முகத்தைச் சுருக்கினார்களாம். இவருக்குக் கோபம். நோட்டீஸ் விடலாம் என்றார். நானும் தலையாட்டினேன்.

அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில், கட்டுப் போட்ட கையோடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி மேலே போனார்கள். அரைமணி கழித்து அந்த டீச்சர் அம்மாவே அத்தையைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார். சுவரைப் பார்த்தார். அத்தையின் கையையும் பார்த்தார். "இவ்வளவு ஆகியிருக்கும்னு தெரியாதும்மா" என்றார். அவ்வளவுதான். அன்று சாயந்திரமே பிளம்பர் வந்தார். அவர்கள் குளியலறையின் தண்ணீர் போகும் வழியை அடைத்து, சாயம் கலந்த தண்ணீரை இரண்டு அங்குலத்துக்கு ஒரு நாள் முழுக்கத் தேக்கி வைத்தார்கள். மறுநாள் எங்கள் சுவரில் சாயம் தெரிந்தது. டைல்ஸ் இடுக்கும், தண்ணீர் இறங்கும் ஜாலியின் ஓரமும் விட்டுப் போயிருந்தன. அவர்கள் செலவில் அவர்கள் சரி செய்தார்கள், எங்கள் சுவரை நாங்கள் பார்த்துக்கொண்டோம். நோட்டீஸ் விட்டிருந்தால் இன்னும் வழக்குதான் நடந்துகொண்டிருக்கும்.

எர்த் சரி செய்து, ஆர்.சி.சி.பி. மாட்டி, பெட்டிகளை மாற்றியதற்கு ஆன செலவு 6,400 ரூபாய். 1,35,000 ரூபாய் அலமாரிக்கு யோசிக்காத நான், இதற்கு யோசித்தேன். ஆசாரியை மறுபடி கூப்பிட்டு, வாசல் அலமாரியில் மெயினை மூடியிருந்த பகுதியை அறுத்து எடுக்கச் சொன்னேன். "அக்கா, அழகு போயிடுமே" என்றார். "போகட்டும் தம்பி" என்றேன்.

புது வீட்டுக்குப் போகப் போகிற என் தங்கைகளுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட நான் சொல்வது இவைதான்:

1. குடிபோகும் முன்பே, மரவேலைக்கும் முன்பே, ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை வைத்து எல்லாப் பிளக்கிலும் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் மாட்டுங்கள். அதில் ஒரு டெஸ்ட் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

2. மெயின் ஸ்விட்ச் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும், குழந்தைகளுக்கும் காட்டுங்கள். அதன் முன்னால் எதையும் வைக்காதீர்கள். சமையல் காஸ் வால்வையும், தண்ணீர் பைப்பின் மெயின் வால்வையும்கூடக் காட்டி வையுங்கள்.

3. யாருக்காவது ஷாக் அடித்தால் தொடாதீர்கள். முதலில் கரண்டை நிறுத்துங்கள். நிறுத்தவே முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் பொருளாலோ ஆளைத் தள்ளி விடுங்கள். மூச்சுப் பேச்சு இல்லையென்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் டாக்டரிடம் காட்டாமல் விடாதீர்கள்.

4. புதுப் பெயிண்டு அடித்த பழைய வீட்டைப் பார்க்கப் போனால், குளியலறையை ஒட்டிய சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். மழைக்காலத்தில் ஒரு தரம் போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது. பதிவு பெற்ற திட்டத்தில் புதிதாகக் கட்டின ஃபிளாட் என்றால், 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஒப்படைத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டடத்தில் குறை தெரிந்தால் கட்டினவர்தான் சரி செய்து தர வேண்டும். எழுத்து மூலம் கேளுங்கள்.

5. பதிவு முடிந்ததும் அலுத்துப் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். வில்லங்கச் சான்றை மறுபடி எடுத்து, உங்கள் பத்திரம் அதில் ஏறியிருக்கிறதா பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். சொத்து வரி, கரண்ட், தண்ணீர் எல்லாவற்றையும் உங்கள் பேருக்கு மாற்றுங்கள். பழைய பாக்கி இல்லை என்பதற்கு ரசீதுகளைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

6. கையிருப்பு முழுவதையும் முதல் மாதமே அலமாரியில் போட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் வெறும் வீட்டில் குடியிருந்து பாருங்கள். எங்கே ஈரம், எங்கே வெயில், எப்போது தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்த பிறகு ஆசாரியைக் கூப்பிடலாம்.

7. இது எல்லாவற்றையும்விட முக்கியம். புது வீட்டில் ஏதாவது சங்கடம் உண்டா என்று வீட்டுப் பெரியவர்களை நீங்களாகவே கேளுங்கள். நம் சந்தோஷம் கெடக் கூடாதென்று அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

அத்தைக்குக் கை ஆறிவிட்டது. உள்ளங்கையில் ஒரு கோடு மட்டும் நிற்கிறது. சின்னவனுக்குச் சுவர் காய்ந்த பிறகு இழுப்பு குறைந்தது. மாவு அரைப்பது இன்றைக்கும் அத்தைதான். ஒரே ஒரு மாற்றம்: ஸ்விட்ச் போடும் முன் காலில் ரப்பர் செருப்பு. சமையலறையில் செருப்பா என்று முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. அதற்கென்றே தனியாக ஒரு ஜோடி வாங்கி, மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுத்த பிறகுதான் போட்டுக்கொண்டார்கள்!

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் அந்த அறுபட்ட அலமாரியைப் பார்த்து, "ஏன் இப்படி மூளியா விட்டிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். நான் உட்கார வைத்து, காபி கொடுத்து, "உங்கள் வீட்டில் மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்கிறேன். முக்கால்வாசிப் பேர் முழிக்கிறார்கள்.

நீங்கள்? இந்தப் பக்கத்தை மூடினதும் எழுந்து போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.